ஒரு முழம் மடங்குற றெக்கை

வீட்டுக்காரர் பேரை வாய்விட்டுச் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லி வளர்த்தாங்க. சொன்னா அவரு ஆயுசு குறையுமாம். நான் சொல்லுவேன். தியாகு. தியாகு, தியாகு, தியாகு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்த மனுசனுக்குக் காது கேக்காது. இங்க இருந்தாத்தானே கேக்கும்! கையில உளி இருக்கும், கண்ணு எங்கயோ கூரைக்கு மேல மெதந்துக்கிட்டு இருக்கும். "ஏங்க, அடுப்புக்கு வெறகு இல்ல"ன்னு சொன்னா, "ம்... மடக்கிரலாம்"னு பதில் வரும். வெறகை எப்படி ஐயா மடக்குவீங்க?

மடக்குறதுதான் அவரு பொழப்பு. அதுதான் அவரு பைத்தியமும். மலாக்காவுல, பண்டார் ஹிலிர்ல ஒரு தச்சுப் பட்டறையில, வெள்ளைக்காரங்க சாஞ்சு உக்காந்து கடலைப் பாக்குற மடக்கு நாற்காலி செஞ்சுக்கிட்டு இருந்தாரு. சாயங்காலம் நாங்க இருந்த காஜா பேராங்குக்கு நடந்தே வருவாரு. எங்க வீடு ஒரே அறை. பலகைச் சுவரு, தகரக் கூரை. அந்த அறையில மடங்காத சாமானே கெடையாது. மேசை மடங்கும், பெஞ்சு மடங்கும், சாமி மாடத்துக்குக்கூட மடக்குக் கதவு. எங்கண்ணன் பொன்னுதுரை ஒரு தீபாவளிக்கு வந்து அந்தப் பெஞ்சுல உக்காந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. பெஞ்சு தானா மடங்கிருச்சு. அண்ணன் தரையில, ரசம் தலையில. நான் திட்டுறதுக்குள்ள இவரு குனிஞ்சு கீலைத் தடவிப் பாத்து, "தாழ் சரியா ஒக்காரல"ன்னாரு. மச்சான் விழுந்து கெடக்குறாரேங்குற நெனப்பே இல்ல. அண்ணன்தான் வயிறு வலிக்கச் சிரிச்சாரு.

கனாவுலயும் மடக்குவாராம். மத்தியானம் மழை பேஞ்சா தகரத்துச் சத்தத்துல அப்படியே தூங்கிருவாரு. எந்திரிச்சதும் சொல்லுவாரு: "லச்சுமி, இன்னைக்கு ஊரையே மடக்கிட்டேன்." சடக்கை, அதான் ரோட்டை, கடைசியில இருந்து பாய் மாதிரி சுருட்டுனாராம். கூரையெல்லாம் குடை மாதிரி மடங்கிருச்சாம். கோயிலை மெதுவா, சாமிக்கு வலிக்காம, படுக்க வச்சாராம். மலாக்கா ஆத்தை வேட்டி மாதிரி நாலா மடிச்சாராம், அதுல இருந்து தண்ணி சொட்டுச்சாம். எல்லாத்தையும் இடுப்புல சொருகிக்கிட்டு நடந்தாராம்.

"என்னைய எங்க வச்சீங்க?"ன்னு கேட்டேன்.

"நீதான் மடங்கமாட்டேங்குறியே."

இந்த மனுசனோட என்னத்தச் சண்டை போடுறது! கோவமா வரும், அதுக்கு முன்னாடி சிரிப்பு வந்து தொலைக்கும்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் போன எடம் தெரியல. சாஞ்சு உக்காந்து கடலைப் பாக்க ஆளில்ல, பட்டறையும் மூடியாச்சு. அரிசி கண்ணுல படுறதே அபூர்வமாப் போச்சு. காலையில மரவள்ளிக்கெழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கெழங்கு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். சயாமுக்கு ஆள் பிடிக்கிற லோரிதான் பொறுக்க முடியாதது. அங்க ரயில் தண்டவாளம் போடுறாங்களாம். அந்த லோரி வர்ற சத்தம் கேட்டா சடக்குல ஆம்பளைங்க இருந்த எடத்துல செருப்புதான் கெடக்கும். பொன்னுதுரை அண்ணன் கருவாடு வாங்கப் பாசாருக்குப் போனாரு. நான் தச்சுக் குடுத்த நீலச் சட்டை போட்டிருந்தாரு. போனவருதான். உசிரோட இருக்காரா இல்லையான்னு சொல்லக்கூட ஒருத்தரும் திரும்பி வரல.

அதுல இருந்து எனக்கு ஒரே நெனப்பு. இந்தக் கனாக் காணுற மனுசனையும் லோரி தூக்கிட்டுப் போயிரக்கூடாது. லோரி வந்தா ஓடத் தெரியாது இவருக்கு. "இந்த லோரியோட பின்கதவு எப்படி மடங்குது பாரு"ன்னு கிட்டப் போயிப் பாப்பாரு.

எங்க தெருவுல இருந்த, கூலி ஆளுங்களை மேய்க்கிற மண்டோர் நடராஜன்தான் வழி சொன்னாரு. ஊருக்கு வெளிய ரப்பர் மரத்தை வெட்டி ஜப்பான்காரன் ஒரு திடல் போட்டிருந்தான், ஏரோப்ளேன் எறங்க. அங்க வேலைக்கு ஆள் வேணும். வேலைக்காரங்க கையில ஒரு வெள்ளைத் துணிப்பட்டை கட்டிவிடுவாங்க, கறுப்பு எழுத்துப் போட்டு. அந்தப் பட்டை கட்டுன ஆளை லோரிக்காரன் தொடமாட்டான். இவரு மொத நாளு பட்டையோட வந்தப்ப, அதை அவுத்து, கசக்கி, வீட்டுக்குள்ளயே காயப் போட்டேன். வெளியில கொடியில போட எனக்கு மனசு வரல. அது எனக்கு இன்னொரு தாலின்னு வச்சுக்குங்களேன்.

அந்தத் திடல்லதான் இவரு அந்த றெக்கையைப் பாத்தாரு. ஐயோ, அன்னைக்கு வீட்டுக்கு வந்த கோலத்தைப் பாக்கணுமே! கல்யாணத்தன்னைக்குக்கூட மூஞ்சி அப்படி இருந்ததில்ல. "லச்சுமி, கையைக் குடு"ன்னாரு. எங் கையை நீட்டிப் பிடிச்சாரு. "இதுதான் றெக்கை. முழுசா மடங்காது. இந்த விரல் மட்டும்." விரலை மட்டும் மேல்பக்கமா மெதுவா மடக்கிக் காட்டுனாரு. அந்த மடக்கு மொத்தமே ஒரு முழந்தானாம். றெக்கைக்கு அடியில ஒரு சின்னப் பிடி, இழுத்தா உள்ள ஒரு நாக்கு பின்னுக்குப் போகும். நுனியைக் கையாலயே தூக்கி நிமித்திரலாம். திரும்ப எறக்கிப் பிடியை அமுக்குனா நாக்குப் போயி ஒக்காந்துக்கும். சரியா ஒக்காரலேன்னா நாக்கோட ஓரம் மேல நீட்டிக்கிட்டு நிக்கும். அந்த ஓரத்துல செவப்புச் சாயம் அடிச்சிருக்கு. ஓட்டுறவன் உள்ள உக்காந்துக்கிட்டே ரெண்டு பக்கமும் பாப்பான். செவப்புத் தெரிஞ்சா பறக்கமாட்டான்.

"இவ்ளோ பெரிய றெக்கையில ஒரு முழம் மடக்குறதுக்கா இத்தனை பாடு?"ன்னேன்.

அதுக்குக் காரணத்தை மொரித்தாதான் அவருக்குச் சொன்னானாம். மொரித்தா அந்த ஏரோப்ளேனைப் பழுது பாக்குற ஜப்பான்காரன். குட்டை ஆளு, நெத்தியில எண்ணெய்க் கறை. சந்தை மலாய் கொஞ்சம் பேசுவான். மண்ணுல குச்சியால கீறிக் காட்டுனானாம். இது கப்பல்ல போற ஏரோப்ளேன். கப்பலுக்குள்ள அதை ஏத்தி எறக்க ஒரு பலகை இருக்கு. பலகைக்கு றெக்கை கொஞ்சம் அகலம். றெக்கையை வெட்டுனா பறக்குறது கெடும். பலகையைப் பெருசாக்குனா கப்பல் கெடும். அதனால ரெண்டையும் விட்டுட்டு, நுனிக்குக் கீல் வச்சுட்டாங்க. இங்க கப்பல் இல்ல. ஆனா ரெண்டு அங்சானா மரத்துக்கு நடுவுல, மேல இருந்து பாத்தா தெரியாம, ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டிருந்தாங்க. நுனியை மடக்குனாத்தான் உள்ள போகும். காலையில வெளிய தள்ளி, றெக்கையை விரிக்கணும். சாயங்காலம் மடக்கி உள்ள தள்ளணும். வலது றெக்கை இவரு பொறுப்பு.

ஒவ்வொரு தடவையும் மொரித்தா வந்து பாப்பானாம். உள்ளங்கையால அமுக்குவான். அப்புறம் வெரல் முட்டியால ரெண்டு தட்டு, டொக் டொக். காதை வச்சுக் கேப்பான். "துத்துப் பெத்துல்-பெத்துல்"னு சொல்லிட்டுப் போவான். நல்லா மூடுன்னு அர்த்தம். இவரும் வீட்டுக்கு வந்து சோத்துப்பானை மூடியை வச்சு, ரெண்டு தட்டுத் தட்டி, "துத்துப் பெத்துல்-பெத்துல்"ம்பாரு. பானைக்குள்ள ஒண்ணும் இருக்காது. அதுக்கு மூடி ஒண்ணுதான் கொறச்சல்!

விடியக்காலையில திடல்ல பனி எறங்கி நிக்கும்போது றெக்கை மட்டும் தெரியுமாம், உடம்பு தெரியாதாம். இவரு நுனியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாராம். அது வெறும் தகரம்தான்னு மறந்துபோயிருமாம். தூங்குற பறவையோட றெக்கையை எழுப்பாம விரிச்சு விடுறோம்னு தோணுமாம். சொல்லும்போதே குரல் தாழ்ந்துரும். சண்டை, குண்டு, அதுல எத்தனை பேரு சாகுறாங்கன்னு நான் கேட்டா, கேட்ட மாதிரியே இருக்காது. "பறக்குறது அவங்க பாவம், லச்சுமி. மடக்குறது மட்டுந்தான் எனக்கு"ன்னு ஒரு நாளு சொன்னாரு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கல. இன்னைக்கும் பிடிக்கல.

சும்மா இருப்பாரா? வீட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு செய்ய ஆரம்பிச்சாரு. பின்சுவத்துக்கு முன்னாடி ஒரு முழம் எடம் விட்டு ஒரு சட்டம் நட்டாரு. அதுல பலகைக் கட்டிலைக் கீல் போட்டு மாட்டுனாரு. படுக்கும்போது எறக்கிக்கணும். காலையில தூக்கி நிமித்துனா சட்டத்துல பொருந்தி, பாக்குறதுக்குச் சுவரு மாதிரியே இருக்கும். பாய், தலகாணியெல்லாம் பின்னால அந்த ஒரு முழத்துல. மூலையில பிடி, மர நாக்கு, எல்லாம் அந்த றெக்கை மாதிரியே. நாக்கோட ஓரத்துக்குச் செவப்புச் சாயம் கெடைக்கல. என்னோட குங்குமத்தை எண்ணெயில கொழப்பிப் பூசிட்டாரு.

"இருக்குற அறையே இத்துனூண்டு. அதுல ஒரு முழத்தைத் தின்னுட்டீங்களே! பாயும் தலகாணியும் மூலையில கெடந்தா என்ன, கொறஞ்சா போயிரும்?"னு நான் கத்துன கத்துல, பக்கத்து வீட்டு மீனாச்சி ஓடி வந்துட்டா. மீனாச்சி இங்கத்திய செட்டி சனம். நம்ம மாரியம்மனைத்தான் கும்பிடுவா, பேசுறது மட்டும் மலாய். என்ன விசயம்னு கேட்டா. நான் கட்டிலைக் காட்டுனேன். அவ தூக்கிப் பாத்து, எறக்கிப் பாத்து, "அழகா இருக்கே, என் வீட்டுக்கும் ஒண்ணு"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. என் பக்கம் பேச ஒரு ஆளு கெடையாது பாத்துக்குங்க.

அந்த வருசம் ஆயுத பூசை வந்துச்சு. பொரிக்கும் கடலைக்கும் எங்க போறது? கெழங்கை அவிச்சு, தேங்காயைத் துருவிப்போட்டு சாமிக்கு வச்சோம். இவரு ரம்பம், உளி, இழைப்புளி எல்லாத்தையும் தொடச்சு வரிசையா வச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சாரு. நாக்குல எண்ணெயும் குங்குமமும் ஏற்கனவே இருக்கே, கட்டில் பிடிக்கும் ஒரு பொட்டு. மிச்சக் குங்குமத்தை வெத்தலையில மடிச்சு இடுப்புல சொருகுனாரு.

"அது எதுக்கு?"

"அங்க ஒண்ணு இருக்குல்ல."

"அது சண்டைக்காரன் சாமானுங்க. அதுக்குப் போயிப் பொட்டா?"

"நான் தொட்டு வேலை செய்யிறது, லச்சுமி. பொட்டு வைக்காம இன்னைக்கு எப்படித் தொடுறது?"

நம்ம சனத்துல யாரு அப்படித் தொடுவா? தையல் மெசினு, அம்மிக்கல்லு, அருவாமணை எதுவானாலும் அன்னைக்குப் பொட்டு உண்டு. வேண்டாம்னுதான் சொன்னேன், ஆனா அவரு சொன்னது எனக்கும் ஞாயமாத்தான் பட்டுச்சு.

மத்ததெல்லாம் அவரும் மண்டோரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில றெக்கையை விரிச்சு, நாக்கு ஒக்கார அமுக்குனாரு. மொரித்தா வந்தான், டொக் டொக் தட்டுனான், சரின்னு போனான். அவன் அந்தப் பக்கம் போனதும் இவரு வெத்தலையைப் பிரிச்சு, கீல் சேர்ற எடத்துல, நல்லா பெருசா, மேல்பக்கம் ஒரு பொட்டு வச்சாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. ஓட்டுறவன் ஏறுனான். விசிறி சுத்துச்சு. இடது பக்கம் பாத்தான், வலது பக்கம் பாத்தான். வலது பக்கம் செவப்பு!

விசிறி நின்னுச்சு. அவன் குதிச்சு எறங்கிக் கத்துன சத்தத்துல திடலே கூடிருச்சாம். பெரிய ஆபீசர் வந்தான். மொதல்ல மொரித்தாவைத்தான் கூப்பிட்டான். பாத்துட்டேன்னு சொன்னியே, இது என்னன்னு கேட்டுக் கன்னத்துல விட்டானாம், எல்லார் முன்னாடியும், ஒண்ணு மேல ஒண்ணு. மொரித்தா அசையாம நின்னானாம். அப்புறம் றெக்கைகிட்டப் போயி விரலால தொட்டு, மோந்து பாத்துட்டு, இவரைப் பாத்து, "அப்பா இனி?"ன்னு கேட்டான். இது என்னன்னு அர்த்தம்.

"தூஹான் புன்யா"ன்னாரு இவரு. கடவுளோடது.

மொரித்தா விரலையே பாத்துக்கிட்டு நின்னானாம். ஆபீசர் இவரு கையில இருந்த துணிப்பட்டையைப் பிச்சு எறிஞ்சான். வேணும்னே ஏரோப்ளேனை நிறுத்துன நாசக்காரன், நாளைக்குக் காலையில மூட்டையோட வந்து சயாம் லோரியில ஏறணும்னு உத்தரவு. மூஞ்சியில அடியோட இவரு வீட்டுக்கு வந்து சேந்தாரு. நான் கையைத்தான் பாத்தேன். வெறுங்கை.

அப்ப எனக்கு வந்த ஆத்திரம்! "உங்க சாமிக்கு வேற எடமே கெடைக்கலையா? பொட்டு வச்சீங்களே, என் பொட்டை நெனச்சீங்களா?"ன்னு நெஞ்சுல குத்துனேன். அவரு, "அவனை அடிச்சுட்டாங்க, லச்சுமி. என்னால அவனை அடிச்சுட்டாங்க"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. கடலோரம் உஜோங் பாசிர்ல தெரிஞ்ச மீன்காரர் வீட்டுக்கு ஓடிரலாமான்னு யோசிச்சோம். பட்டை இல்லாத கையோட அவ்வளவு தூரம் எப்படிப் போறது, வழி பூரா ஆள் பிடிக்கிறான். எங்கயும் போகல. விடிஞ்சும் லோரி ஏறப் போகல. வீட்டுலயே இருந்துட்டாரு.

மறுநாள் காலையில தூறல். அவரு ஒரு கனா சொன்னாரு. அந்த ஏரோப்ளேன் எங்க அறைக்குள்ள நிக்குதாம். கோழிக்குஞ்சு மாதிரி நடுங்குதாம். இவரு நுனியை மடக்குறாராம். மடக்க மடக்க இன்னும் ஒரு முழம் மிச்சம் இருக்காம். நான் கெழங்கைத் தோலுரிச்சுக்கிட்டே கேட்டேன். திட்டத் தோணல. சொல்லட்டும், இன்னும் கொஞ்ச நேரம் இந்தக் குரலைக் கேட்டுக்கிறேன்னுதான் இருந்துச்சு.

அப்ப மீனாச்சி குரல். "லோரி டாத்தாங்! லோரி டாத்தாங்!" லோரி வருதுன்னு கத்திக்கிட்டே அவ வீட்டுக்குள்ள ஓடுறா.

நான் கட்டிலை எறக்கி, அவரு கையைப் பிடிச்சு இழுத்து அதுக்குப் பின்னால தள்ளுனேன். "இதுக்குள்ளயா?"ன்னாரு. "வேற எதுக்கு ஐயா அந்த ஒரு முழத்தைத் தின்னீங்க! போங்க!" பாயையும் தலகாணியையும் வெளிய எறிஞ்சேன். அவரு சுவத்தோட ஒட்டி நின்னாரு. கட்டிலைத் தூக்கி நிமித்திப் பிடியை அமுக்குனேன். மழை ஈரத்துல மரம் ஊதிப்போயிருக்கு. நாக்கு பாதியில நின்னுருச்சு. இன்னும் அமுக்குனேன். கை வழுக்குது. பூட்ஸு சத்தம் வாசல்ல கேட்டுருச்சு. விட்டுட்டு ஓடிப்போயிக் கெழங்குகிட்ட உக்காந்துட்டேன். உக்காந்த பெறகுதான் பாக்குறேன். நாக்கோட ஓரம் வெளிய நிக்குது. செவேல்னு, குங்குமச் செவப்பு.

ரெண்டு சிப்பாய்ங்க உள்ள வந்தாங்க. அவங்களுக்குப் பின்னால, இவரை அடையாளம் காட்ட, மொரித்தா. நெத்தியில எண்ணெய்க் கறையப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுருச்சு. ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கெடந்துச்சு. சிப்பாய்ங்க பெஞ்சை ஒதச்சாங்க, அது மடங்கி விழுந்துச்சு. சாமி மாடத்தைத் திறந்து பாத்தாங்க. மொரித்தா அறை நடுவுல நின்னு ஒவ்வொண்ணாப் பாத்தான். மடக்கு மேசை, மடக்குக் கதவு. அப்புறம் அந்தச் சுவரு. அவன் கண்ணு கீல் வழியா மேல ஏறுச்சு. மெதுவா ஏறுச்சு. அந்தச் செவப்புல போயி நின்னுச்சு.

முந்தின நாளு பொய்யாத் தெரிஞ்ச செவப்புக்குத்தான் அவன் அத்தனை அடி வாங்குனான். இது நெசமாவே தாழ் ஒக்காராத செவப்பு. அது அவனுக்குத் தெரியாதா? மாரியம்மா, மாரியம்மான்னு மனசுக்குள்ள கூப்பிட்டேன். எனக்கு வேற யாரையும் கூப்பிடத் தெரியல.

அவன் சுவத்துகிட்டப் போனான். சும்மா சாஞ்சு நிக்கிறவன் மாதிரி முதுகைச் சிப்பாய்ங்க பக்கம் திருப்புனான். உள்ளங்கையை வச்சு அமுக்குனான். நாக்கு உள்ள போயி ஒக்காந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வெரல் முட்டியால ரெண்டு தட்டு, ரொம்ப மெதுவா. பிடியில இருந்த பொட்டைக் கட்டை வெரலால தொடச்சான். திரும்பி, சிப்பாய்ங்ககிட்ட அவங்க பாசையில ஏதோ சொல்லித் தலையை ஆட்டுனான். இல்லைங்குற ஆட்டு. வெறுங்கையோட திரும்புனா அவனுக்கு மறுபடி அடி விழும்னு எனக்கே தெரியும். அவனுக்குத் தெரியாம இருக்குமா?

வாசலுக்குப் போனவன், என்னைப் பாத்து வெரலை நீட்டி, திட்டுற மாதிரி பெருசாக் கத்துனான், வாசக் கதவைக் காட்டி:

"துத்துப்! பெத்துல்-பெத்துல்!"

சிப்பாய்ங்க சிரிச்சுக்கிட்டே போனாங்க. லோரி சத்தம் தேஞ்சு தேஞ்சு நின்னுச்சு. நான் எந்திரிச்சுக் கதவை நல்லா மூடுனேன். மூடிட்டு, கட்டிலை எறக்குனேன்.

அவரு வெளிய வரல. சுவத்துல ஒட்டுனபடியே நிக்கிறாரு, கண்ணுல தண்ணி கொட்டுது. "ரெண்டு தட்டு தட்டுனான், கேட்டியா?"ன்னாரு. "அது உன் கை இல்லன்னு தெரிஞ்சுருச்சு, லச்சுமி."

ஏதாவது திட்டலாம்னுதான் போனேன். ஆனா நானும் உள்ள போயி அவரு பக்கத்துல ஒட்டி நின்னுக்கிட்டேன். அந்த ஒரு முழத்துல ரெண்டு பேருக்கும் எடம் இருந்துச்சு.